கழுவிக் கவிழ்த்த புட்டிகள்

தூத்துக்குடி
7-8-1944

கர்த்தருக்குள் பிரியமான அற்புதமணிக்கு உன் மதினி பிளாரன்ஸ் எழுதுவது.

நானும் உன் அண்ணனும் சுகம். நீயும், டாக்டர் வீட்டாரும், உங்கள் டிஸ்பென்சரிக்கு வந்துபோகிற சாத்தான்குளத்து நோயாளிகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நோயாளிகள் எல்லாரும் சுகமாகிவிட்டால் நர்சுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று நீ முனகுவது இங்கே கேட்கிறது.

கருப்பட்டி வியாபாரி பால்துரை அண்ணாச்சியிடம் நீ கொடுத்தனுப்பிய வயிற்றுவலி மருந்து சனிக்கிழமை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அண்ணாச்சி அதைக் கருப்பட்டிச் சிப்பத்துக்குள் செருகிக் கொண்டுவந்ததால் புட்டியைச் சுற்றி ஒரே எறும்பு. மருந்துக்கு ஒன்றுமில்லை. ஈஸ்டருக்கு உங்கள் ஊருக்கு வந்த இடத்தில் வயிற்றுக்கடுப்பு கண்டு நான் சாகக் கிடந்ததும், உங்கள் டாக்டர் இந்தக் கறுப்புத் துளிகளைத் தண்ணீரில் விட்டுக் கொடுத்து என்னை எழுப்பி உட்கார வைத்ததும் மறக்கக்கூடியதா? இங்கே கடையில் இதையே குளோரோடைன் என்று சீமைப் புட்டியில் விற்கிறார்கள். யுத்தத்தில் அது யானை விலை. உங்கள் டாக்டர் தாமே கலக்குவது அதைவிட நன்றாகக் கேட்கிறது. கடுப்பு எப்போதோ போய்விட்டது. வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. அண்ணாச்சி அடுத்த முறை வரும்போது இன்னொரு புட்டி கொடுத்தனுப்பு.

உன் அண்ணன் வழக்கம்போல் காலையில் லாஞ்சில் ஏறி, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குப் போய், தோணிகளில் இறங்குகிற சரக்கைக் குறித்துக்கொண்டு பொழுதுசாயத் திரும்புகிறார். வந்ததும் வீட்டுத் தரை ஆடுகிறது என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். காப்பி கொடுத்தால் தரை நின்றுவிடும்.

மாதர் சங்கத்தில் இந்த வருஷமும் என்னையே மதுவிலக்குக் காரியதரிசியாகப் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் வீடு வீடாகப் போய், குடிக்கிறவர்களிடம் உடன்படிக்கை அட்டையில் கையெழுத்து வாங்குகிற வேலை. எவன் சும்மா குடிக்கிறவன், எவன் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டியவன் என்று பிரிக்க நானே நாலு கேள்வி வைத்திருக்கிறேன். முதலில் எடுத்த அளவு இப்போது போதாமல் போகிறதா? மறைத்து வைக்கிறாயா? காரணம் இல்லாத நாளிலும் எடுக்கிறாயா? விடச் சொன்னால் கோபம் வருகிறதா? இரண்டுக்கு ஆமாம் வந்தாலே அவன் தானாக விடமாட்டான் என்பது என் தீர்ப்பு. பாதிரியார் அம்மா இந்தக் கேள்விகளை மெச்சினார்கள்.

நாசரேத்தில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை இருக்கிறார், மூக்கு மட்டும் கொஞ்சம் நீளம். உன் எண்ணத்தை எழுது.

உன் பிரியமுள்ள மதினி,
பிளாரன்ஸ்


சாத்தான்குளம்
2-9-1944

அன்பான மதினிக்கு அற்புதமணியின் ஸ்தோத்திரம்.

என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணனைத் தரை ஆடாத இடமாகப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். மூக்கு நீளமான வாத்தியாரை இன்னொருத்திக்குப் பாருங்கள். எனக்கு டிஸ்பென்சரி நாற்றம் போதும்.

நீங்கள் கேட்டபடி மருந்து அனுப்பியிருக்கிறேன். டாக்டர் தேவபிரசாதம் உங்களைப் பற்றி விசாரித்தார். "ஈஸ்டருக்கு வந்த கடுப்பு ஆவணியிலயும் நிக்குதா?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். ஆனாலும் உங்களுக்கு என்று சொன்னதும் மறுபேச்சு பேசாமல் நிறைத்துக் கொடுத்தார். புட்டியின் பக்கத்தில் அளவுக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். அதில் பல்லுப் பல்லாக வெட்டியிருப்பது ஒவ்வொன்றும் ஒரு வேளை. வலி இருந்தால் மட்டும், ஒரு வேளைக்கு ஒரு வெட்டு, அதற்கு மேல் வேண்டாம். இதில் அபின் சேர்கிறது மதினி. டீச்சருக்கு நான் பாடம் நடத்துவதாக நினைக்கக் கூடாது.

இன்னொரு காரியம். யுத்தத்தினால் புட்டிப் பஞ்சம். மருந்துக்கு வருகிறவர்கள் கையோடு புட்டி கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் சட்டம் போட்டுவிட்டார். ஒருத்தி விளக்கெண்ணெய்ப் புட்டியோடு வருகிறாள். ஒரு பெரியவர் சாராயப் புட்டியை வாசனைகூடப் போகாமல் நீட்டி, பேரனுக்கு இருமல் மருந்து கேட்டார். டாக்டர் போட்ட சத்தத்தில் இருமல் தானே நின்றிருக்கும். ஆகையால் நாங்கள் அனுப்பிய காலிப் புட்டிகளை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்தனுப்புங்கள்.

அண்ணனுக்கும் உங்களுக்கும் என் அன்பு.

அற்புதமணி


தூத்துக்குடி
25-9-1944

அன்பு அற்புதத்துக்கு.

சுகம். நீயும் அவ்வாறே இருப்பாய் என்று நம்புகிறேன். காலிப் புட்டிகளில் உங்கள் லேபிள் உள்ளதை அனுப்பியிருக்கிறேன். கழுவித்தான் அனுப்பியிருக்கிறேன், முகர்ந்து பார்க்க வேண்டாம்.

வலியைப் பற்றிக் கேட்டாய். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறது. இன்ஸ்பெக்டர் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வருகிறார் என்றால் முந்தின நாள் வருகிறது. சங்கத்துக் கூட்டத்துக்கு முன்னால் வருகிறது. இப்போதெல்லாம் வரும்போல் இருக்கிறது என்று தெரிந்தாலே எடுத்துக்கொள்கிறேன். வந்தபிறகு எடுப்பதைவிட அதுதானே புத்தி?

முத்தையாபுரத்தில் இசக்கியப்பன் என்று ஒரு தோணிக்காரன். கூலி கிடைத்த அன்றைக்குக் கள்ளுக்கடையில் இருப்பான். அவன் மனைவி சந்தனமாரி எனக்குப் பழக்கம். போன புதன்கிழமை போனேன். வாசலில் இருந்து தோணிப் பாய்க்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். நான் என் கேள்விகளை ஆரம்பித்தேன்.

"முதல்ல குடிச்ச அளவு இப்ப போதாமப் போகுதா?"

"அன்னைக்கும் ரெண்டு ஓலப்பட்டைக் கள்ளுதாம், இன்னைக்கும் ரெண்டு பட்டைதாம். அதுக்கு மேல குடிச்சா தோணில நிக்க முடியாது டீச்சரம்மா."

"வீட்டுல மறைச்சு வச்சிருக்கியா?"

"கள்ள எங்கன மறைக்க? நாத்தமே தெருவுக்குச் சொல்லிப்புடுமே."

"காரணமில்லாத நாள்லயும் குடிக்கியா?"

"கூலி கெடச்சாக் குடிப்பேன். கெடைக்கலன்னா எவம் எனக்கு ஊத்துவான்?"

"விடச் சொன்னாக் கோவம் வருதா?"

"ஒங்க மேல எனக்கு என்னத்துக்குக் கோவம்? ஏளா சந்தனமாரி, டீச்சரம்மாவுக்குக் காப்பி போடு."

நாலுக்கும் இல்லை என்கிறான். முழுப் புளுகு என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். கள்ளுக்கடையில் உட்காருகிறவன் நாலு கேள்விக்கும் தேறிவிட்டால் பிறகு என் கேள்விக்கு என்ன மதிப்பு?

மருந்து தீர்ந்துவிட்டது. இந்தத் தடவை பெரிய புட்டியாகக் கொடுத்தனுப்பு. உன் அண்ணனுக்கும் லாஞ்சில் குமட்டலாக இருக்கிறதாம், அவருக்கும் ஆகும்.

பிரியமுள்ள,
பிளாரன்ஸ்


சாத்தான்குளம்
16-10-1944

அன்பான மதினிக்கு.

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

டாக்டர் மருந்து தரவில்லை. "புட்டிய நெறைக்க மாட்டேன், ஆளக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டார். அதனால் ஓமத் தண்ணீர் அனுப்பியிருக்கிறேன். வலி எந்த இடத்தில் வருகிறது? தொப்புளைச் சுற்றியா, கீழேயா? வயிறு தினமும் போகிறதா? மலச்சிக்கல் இருந்தால், அந்த வலியைக் கொடுப்பதே இந்த மருந்தாக இருக்கலாம். அபின் குடலைக் கட்டிவிடும். கட்டினால் வலிக்கும். வலித்தால் மறுபடி மருந்து. இப்படியும் நடப்பது உண்டு.

அண்ணனுக்கு லாஞ்சில் குமட்டல் என்று எழுதியிருந்தீர்கள். சின்ன வயதில் மாட்டுவண்டியில் திருச்செந்தூர்ப் பக்கம் போகும்போது நாங்கள் எல்லாரும் வாந்தி எடுப்போம். அண்ணன் ஒருவர்தான் கடலை தின்றுகொண்டே வருவார்.

அரைப் பரீட்சை விடுமுறையில் இரண்டு நாள் இங்கே வந்து டாக்டரைப் பாருங்கள். என் அறையில் தங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அற்புதமணி


தூத்துக்குடி
20-11-1944

அற்புதமணிக்கு.

உன் கடிதம் வந்து வெகு நாளாகிறது. மழை, பாதையில் வெள்ளம், பஸ் ஓடவில்லை, பள்ளிக்கூடத்தில் பரீட்சை. பதில் எழுதாததற்கு இவ்வளவும் காரணம். உன் சுகத்தை விசாரிக்கிறேன். என் சுகத்தை நீ விசாரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அபின், குடல், மறுபடி மருந்து என்று அடுக்கியிருக்கிறாய். நான் யார் என்று உனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் என் தகப்பனார் கல்யாண வீட்டில்கூடப் பாக்கு மெல்லாதவர். பதநீர் நேரம் தவறிப் புளித்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் பானையோடு கொட்டச் சொல்லுவார். நான் ஒவ்வொரு சாயங்காலமும் ஊரெல்லாம் நடந்து குடியை விடச் சொல்லுகிறவள். நான் எடுப்பது டாக்டர் கொடுத்த மருந்து. லேபிள் ஒட்டியிருக்கிறது, அளவுக் காகிதம் ஒட்டியிருக்கிறது. உன் கையால்தான் ஒட்டியிருக்கிறாய். கள்ளுக்கடையில் அளவுக் காகிதம் ஒட்டியா கொடுக்கிறார்கள்?

நான் ஒரு நாளும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. ஒரு நாளும் வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்ததில்லை. ஆராதனைக்குத் தவறியதில்லை. இதையெல்லாம் செய்கிறவளுக்கு என்ன வியாதி என்று உன் டாக்டர் சொல்லட்டும். வேண்டுமென்றால் நாளைக்கே விட்டுவிடுவேன். விட வேண்டிய அவசியம் இல்லாததால் விடவில்லை.

இனி உங்கள் டாக்டர் தயவு எனக்குத் தேவையில்லை. இங்கே தேரடிப் பக்கம் இரண்டு மருந்துக் கடை இருக்கிறது. காசு கொடுத்தால் கேள்வி கேட்காமல் தருகிறார்கள்.

ஓமத் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன்.

பிளாரன்ஸ்


சாத்தான்குளம்
10-12-1944

என் அன்பான மதினிக்கு அற்புதமணி எழுதிக்கொள்வது. உங்கள் கோபம் தணிந்து, நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக இருக்கும்படி வேண்டுகிறேன்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் குடிகாரி என்று நான் சொல்லவும் இல்லை, நினைக்கவும் இல்லை. அளவுக் காகிதத்தை ஒட்டினது என் கைதான், அதை நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எனக்கே தூக்கம் வராமல்தான் இருக்கிறது.

நாளைக்கே விட்டுவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையே செய்து பார்க்கலாம். ஆனால் ஒரேயடியாகத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு வேளையைத் தள்ளிப்போட்டுப் பாருங்கள். வயிற்றுவலி மட்டும் வந்தால் அது வயிற்றுவலி; வந்து டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிந்து, கொட்டாவி மேல் கொட்டாவியாக வந்து, மயிர்க்கூச்செறிந்து, கால் எலும்பைப் பிசைகிறதுபோல இருந்தால், அது வயிறு இல்லை மதினி. உடம்பு மருந்தைக் கேட்கிறது என்று அர்த்தம். மருந்து எடுத்த உடனே அவ்வளவும் நின்றுவிட்டால் பிறகு சந்தேகமே வேண்டாம். அப்படி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள், யாரிடமும் வெட்கப்படவும் வேண்டாம். இங்கே வாருங்கள். டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எடுத்துவிடுவார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன். ஒரு தாசில்தார் வீட்டு அம்மாவும் வந்து கிடந்து போனார்கள்.

எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

கிறிஸ்மஸுக்கு முறுக்கும் பனங்கற்கண்டும் அண்ணாச்சியிடம் அனுப்பியிருக்கிறேன். அண்ணனை முழுவதும் தின்ன விடாதீர்கள்.

உங்கள் அற்புதமணி


தூத்துக்குடி
3-1-1945

அன்புத் தங்கை அற்புதமணிக்கு அண்ணன் ஏசுவடியானின் புதுவருஷ ஆசீர்வாதம்.

உன் மதினி இன்னும் களைப்பாக இருப்பதால் நான் எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிட்டது. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் அவளுக்குக் கடுமையான ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. கண்ணும் மூக்கும் ஒரே ஊற்று. வாயை மூடாமல் கொட்டாவி. கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. கால் வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று கட்டிலில் புரண்டாள். கிறிஸ்மஸ் காலை ஆராதனைக்கு வரவில்லை. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இப்படி நடந்ததே இல்லை. கோயிலில் எல்லாரும் "டீச்சர் எங்க, டீச்சர் எங்க" என்று கேட்டுத் தீர்த்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவளே என்னைக் கூப்பிட்டு, வயிற்றுவலி மருந்து கொஞ்சம் கிடைத்தால் தேவலாம் என்றாள். பண்டிகை நாளில் மருந்துக் கடை ஏது? கப்பல் பட்லர் ஒருவர் எனக்குச் சிநேகிதர். அவர் தங்கியிருந்த இடத்தைத் தேடிப் போய்ச் சீமைக் குளோரோடைன் ஒரு புட்டி வாங்கி வந்தேன். குடித்து ஒரு நாழிகை இருக்காது. கண்ணீர் நின்றது, கால் வலி நின்றது, எழுந்து பலகாரம் எடுத்து வைத்தாள். ஜலதோஷத்துக்கும் அது கேட்கும் என்பது எனக்குத் தெரியாது. உங்கள் டாக்டருக்கும் சொல்லு, உபயோகப்படும். அந்தப் பட்லரிடம் இன்னும் இரண்டு புட்டி சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் முறுக்கு நன்றாயிருந்தது. உன் மதினி தின்னவில்லை, அவள் பங்கையும் நானே தின்றேன்.

உன் அண்ணன்,
ஏசுவடியான்


சாத்தான்குளம்
9-1-1945

அன்பான மதினிக்கு.

அண்ணன் கடிதம் வந்தது. ஜலதோஷம் என்று எழுதியிருந்தார். நானும் அவருக்கு ஜலதோஷம் என்றே பதில் எழுதியிருக்கிறேன். மற்றதை அவரிடம் சொல்ல வேண்டியது நீங்கள், நான் இல்லை.

இங்கே புட்டிப் பஞ்சம் முற்றிவிட்டது. நேற்று ஒரு கிழவி தேங்காய்ச் சிரட்டையில் மருந்து வாங்கிப் போனாள். வீட்டில் இருக்கிற காலிப் புட்டிகளை அனுப்புங்கள் மதினி. எங்கள் லேபிள் உள்ளது மட்டும் என்றில்லை, கடையில் வாங்கினதும், கப்பல் புட்டியும், எல்லாம் ஆகும்.

நான் எண்ண மாட்டேன்.

உங்கள் அற்புதமணி


தூத்துக்குடி
26-2-1945

என் அற்புதத்துக்கு மதினி எழுதுவது.

நீ சுகமாயிருக்கிறாயா? உன் கடிதம் வந்து ஆறு வாரமாகியும் பதில் எழுதவில்லை. மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவையும் "சுகம்" என்று எழுதிவிட்டு அதற்கு மேல் ஓடவில்லை. ஆகையால் அந்த வார்த்தையை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தபசு நாள் தொடங்கின வாரம் முத்தையாபுரத்துக்குப் போனேன். இசக்கியப்பனிடம் எப்படியும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று பிடிவாதம். அவன் தோணிக்குப் போயிருந்தான். சந்தனமாரி இருந்தாள். சரி, இவள் வாயிலிருந்தாவது உண்மை வரட்டும் என்று அதே நாலு கேள்வியைக் கேட்டேன். அவள் என் கையைப் பார்த்துவிட்டு, "மாசக் கணக்கா இதயே கேக்கிய டீச்சரம்மா, இன்னைக்கு ஒங்க கை ஏன் இப்பிடி நடுங்குது? மொகமெல்லாம் வேர்த்திருக்கு. சொகமில்லன்னா இருந்துட்டுப் போங்க" என்றாள். ஒன்றுமில்லை, வெயில் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். மருந்து நேரம் தவறியிருந்தது. வீடு வரைக்கும் தாங்காது என்று தெரிந்தது. உப்பளத்துப் பாதையில் ஒரு உடைமரத்து மறைவில் நின்று, பையில் கையெழுத்து அட்டைகளுக்கு அடியில் இருந்த புட்டியை எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் குடித்தேன். வாய் வெந்தது.

அவன் தெருவில் உட்கார்ந்து குடிக்கிறான். நான் உடைமரத்துக்குப் பின்னால் நின்று குடிக்கிறேன். என் நாலு கேள்விக்கும் என் பதில் என்ன என்று அன்றைக்கு நடந்துகொண்டே பார்த்தேன். நாலும் ஆமாம். உன் கடிதத்துக்கு நான் எழுதின பதிலை நினைத்தால், நாலாவது கேள்விக்கு இரண்டு ஆமாம் போடலாம்.

அப்போதும் உடனே உனக்கு எழுதவில்லை. எழுதினால் வர வேண்டும். வந்தால் இங்கே எல்லாருக்கும் தெரியும். நான் யார் யார் பெயரைச் சங்கத்தில் வாசித்தேனோ அவர்கள் மனைவிமார் எல்லாரும் என் வீட்டுக்கு நலம் விசாரிக்க வருவார்கள். அதை நினைத்தால் செத்துவிடலாம்போல் இருந்தது. பிறகு நீ புட்டி கேட்டது நினைவுக்கு வந்தது. அதையாவது செய்வோம், புட்டியை அனுப்புவதில் என்ன என்று சனிக்கிழமை எடுக்க ஆரம்பித்தேன்.

அரிசிப் பானைக்குள் இருந்தது. ஆர்மோனியப் பெட்டிக்குள் இருந்தது. பழைய சேலை மடிப்பில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தேசப்படச் சுருளுக்குள் இருந்ததையும் போய் எடுத்து வந்தேன். சங்கத்துத் தகரப் பெட்டியிலும் இருந்தது, அதை எழுதக் கூசுகிறது. அற்புதம், நான் பள்ளிக்கூடச் சாவியை மறக்கிறவள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்கிறவள். ஆனால் ஒரு புட்டியைக்கூட எங்கே வைத்தேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கை நேராக அங்கே போயிற்று.

மணலும் சாம்பலும் போட்டுக் குலுக்கிக் கழுவி, முற்றத்தில் கவிழ்த்து வைத்தேன். முடித்து நிமிர்ந்து பார்த்தால் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. அந்த நேரத்தில் உன் அண்ணன் லாஞ்சிலிருந்து வந்துவிட்டார். வாசல்நடையிலேயே நின்றார்.

"என்னளா இது? ஊர்ல உள்ள குடிகாரன்மார் புட்டியெல்லாம் சங்கத்துக்கு வாங்கிட்டு வந்துட்டியா?" என்று சிரித்தார்.

"ஊராருது இல்ல. எல்லாம் நாங் குடிச்சது" என்றேன்.

குடித்தது என்ற வார்த்தையை அதற்கு முன்னால் நான் சொன்னதில்லை. மருந்து எடுத்துக்கொண்டேன் என்றுதான் சொல்லுவேன். எனக்கே யாரோ பேசுகிறதுபோல் இருந்தது.

"மருந்துதான?" என்றார்.

"மருந்துதான்னுதான் நானும் சொல்லிட்டு இருந்தேன்."

அவர் புட்டிகளைப் பார்த்தார். அதில் பட்லரிடம் அவரே வாங்கி வந்தவையும் இருந்தன. "ஜலதோஷம்?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, புட்டிகளுக்கு நடுவில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தரை ஆடுகிறது என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. நான் அழுதேன். அவரும் அழுதார், இதை நீ அவரிடம் கேட்காதே.

பாதி இருந்த கடைசிப் புட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். ஒரேயடியாக விட வேண்டாம் என்று நீ எழுதியதைக் காட்டினேன். வேளைக்கு அவரே அளந்து தருகிறார். கெஞ்சினாலும் அளவுக்கு மேல் ஒரு சொட்டுத் தரமாட்டேன் என்கிறார். நேற்று நான் அவரைப் பேசின பேச்சு எந்த டீச்சர் வாயிலும் வரக் கூடாதது. காதில் விழாததுபோல் இருந்துவிட்டார்.

சங்கத்தில் காரியதரிசி வேலையை விட்டுவிட்டேன். என்ன காரணம் என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன். என்ன வியாதி என்றார்கள். வயிறு என்றேன். அவ்வளவுதான் தைரியம் வந்தது. மிச்சத்தைத் திரும்பி வந்து சொல்லுவேனா என்று இப்போது தெரியாது. சங்கத்துக் குடிகாரர் பட்டியலில் இசக்கியப்பன் பெயரை மட்டும் அடித்துவிட்டேன்.

இரண்டு கடகப்பெட்டியில் வைக்கோல் வைத்து அடுக்கி, பனைநாரால் கட்டி, பால்துரை அண்ணாச்சியிடம் ஏற்றிவிட்டிருக்கிறேன். எல்லாப் புட்டியும் இருக்கிறது. எண்ண மாட்டேன் என்று எழுதினாய். நானும் எண்ணவில்லை. அடுத்த வியாழக்கிழமை காலைப் பஸ்ஸில் நாங்கள் இருவரும் வருகிறோம். டாக்டரிடம் சொல்லி வை. எல்லாவற்றையும் சொல்லு, நான் வந்து சொல்லும்படி எதையும் மிச்சம் வைக்காதே.

உன் மதினி,
பிளாரன்ஸ்


சாத்தான்குளம்
2-3-1945

என் அருமை மதினிக்கு.

கடகப்பெட்டிகள் இரண்டும் வந்து சேர்ந்தன. ஒன்றுகூட உடையவில்லை. டிஸ்பென்சரி நடையில் வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் வந்துவிட்டார். வரிசையில் நின்ற ஜனங்களும் எட்டிப் பார்த்தார்கள். "இவ்வளவு புட்டி ஏது? எந்த ஆஸ்பத்திரியில வாங்குன?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுப் புட்டிதான் டாக்டர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், புட்டிகளைப் பார்த்தார். உள்ளே வரச் சொல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முன்பக்க அறையில் ஒரு கட்டில் போடச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரம் ஆகலாம், முதல் வாரம் சிரமம், இரவில் நான் கூட இருக்க வேண்டும் என்றார். என் பாயை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அண்ணனுக்குக் கடலை வாங்கி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை பஸ் வருகிற இடத்தில் நிற்பேன்.

உங்கள் அற்புதமணி